வேலில் கட்டிய எர்த் கம்பி

"…அப்டின்னா காலைக் கீழ இறக்கி, பாதக்கட்டை போடாம, வெறுந்தரையில நின்னு நீங்க ஒருதரம் அந்த வேலைத் தொடுங்க. உங்கள அடிக்கலைன்னா நானே போயி வண்டியில ஏறிக்கிறேன். யாரும் அனுப்ப வேணாம்."

சொன்னவள் ஜவுளிக்காரரின் மனைவி. ஈஸிசேரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் ஜவுளிக்காரர். வாசலில் அவளைத் தாய்வீட்டுக்கு ஏற்றிப்போக மாட்டுவண்டி நின்றது. வண்டியோடு வந்த அவளுடைய தகப்பனார், அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிறவர், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூணோரம் நின்றார். நான்காவது ஆள் நான். அந்த வீட்டு ரேடியோவின் உறுமலை நிறுத்தப் போனவன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். யாரோ தூக்கிப் போட்ட ரேடியோ ஒன்றைப் பிரித்து, திரும்பப் பூட்டத் தெரியாமல் ஆறு மாதம் முழித்ததுதான் என் படிப்பு. அந்தப் படிப்புக்கே திருத்தணியில் பஞ்சம் என்பதால் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஜவுளிக்காரர் வீட்டுப் பெட்டி மெட்றாஸிலிருந்து வந்தது. கூட வந்த ஆள் விவரமானவன். கூரைமேல் ஏரியல் கட்டினான். பெட்டியின் முதுகிலிருந்து இன்னொரு கம்பியைக் கொல்லைப்பக்கம் இழுத்து, செப்புத் தகட்டில் முறுக்கி, துணி துவைக்கிற கல்லடியில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்தான். அதுதான் எர்த். பெட்டிக்குள் கசிகிற கரண்டை ஆள் மேல் பாய விடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பி. துவைத்த தண்ணீர் விழுந்து அந்த இடம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். மண்ணில் ஈரம் இருக்கிறவரை பெட்டியும் சமர்த்தாகப் பாடிக்கொண்டிருந்தது.

ஜவுளிக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. சங்கீதம் வருகிற பெட்டியின் கம்பி அழுக்குத் தண்ணீரில் கிடப்பதா? பிடுங்கினார். பூஜை மாடத்தில் பித்தளைச் செம்பு நிறைய அரிசி கொட்டி, அதில் ஒரு முழ உயர வேல் குத்தி வைத்திருந்தார். அந்த வேலின் கழுத்தில் கம்பியைச் சுற்றி, முடிச்சுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். மலைமேல் இருக்கிறவருடைய அருள் கம்பி வழியாகப் பெட்டிக்குள் இறங்குமாம். அருள் இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. பெட்டியிலிருந்த கரண்டு வேலில் ஏறி உட்கார்ந்தது, அது தெரியும். அரிசிக்குள் நிற்கிற வேலுக்கும் மண்ணுக்கும் என்ன உறவு? போக வழியில்லாத கரண்டு தொடுகிற ஆளுக்காகக் காத்திருந்தது.

அன்றைக்கே பெட்டி உறுமத் தொடங்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் அதை "எருமை மூக்கடைச்சுகினு பாடற மாதிரி" என்றார். எத்தனையோ ரேடியோக்களின் உறுமலைக் கேட்டுவிட்டேன், அதைவிடச் சரியாக ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. ஜவுளிக்காரரோ வருகிறவர்களிடமெல்லாம் அது ஓங்காரம் என்று சொல்லிக்கொண்டார். நாகஸ்வரமும் செய்திகளும் அந்த ஓங்காரத்துக்குள் மூழ்கிச் செத்தன. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பணக்காரர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் தலை தானாக ஆடும் போலிருக்கிறது.

அப்புறம் வேல் அடிக்க ஆரம்பித்தது. அவர் மனைவி விடிந்ததும் கூடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைப்பாள். அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று வேலுக்குக் குங்குமம் வைக்கப் போனவளைத் தோள்பட்டைவரை இழுத்து உதறிவிட்டது. மறுநாளும் அப்படியே. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுகிற குமிழ் உடைந்து பித்தளைத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் தொட்டாலும் அடி. அவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. பூஜைக்கு மணைப்பலகைமேல் உட்காருவார். மற்ற நேரம், ஆடிக் கிருத்திகை விரதம் என்று பாதக்கட்டை மாட்டிக்கொண்டு டக்டக்கென்று நடப்பார். நாள் முழுக்க மரத்தின்மேல் இருக்கிற மனிதரைக் கரண்டு என்ன செய்யும்?

அவர் கண்டுபிடித்தது வேறு. வேல் ஆளைப் பார்த்து அடிக்கிறது என்றார். என்ன தப்பு செய்தாய், சொல், என்று அவளை மூன்று நாள் குடைந்தாராம். அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. கிருத்திகைக்குள் வந்து பெண்ணைக் கூட்டிப்போகும்படி அவள் தகப்பனாருக்கு ஆள் அனுப்பினார். வேல் ஏற்றுக்கொள்ளும்போது திரும்பி வரலாமாம். அப்படிப் போகிற பெண்ணை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை என்பது அந்தத் தகப்பனாருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வண்டி வந்த அதே சாயங்காலம்தான் என்னையும் வரச்சொல்லியிருந்தார். கிருத்திகையன்று தாசில்தார் கச்சேரி கேட்க வருகிறார், உறுமல் நிற்கவேண்டும் என்றார். ஓங்காரத்தை எதற்கு நிறுத்தவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உறுமிக்கொண்டிருந்த பெட்டியின் கம்பியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனேன், அது வேலில் போய் முடிந்தது. விஷயத்தைச் சொன்னேன். கம்பி துவைக்கிற கல்லடிக்கே போகவேண்டும், அதுவரை வெறுங்காலோடு யார் தொட்டாலும் அடிக்கும், கட்டைமேல் நிற்பதால்தான் உங்களுக்கு அடிக்கவில்லை என்றேன்.

"பஞ்சர் ஒட்றவன் எனக்கு வேலைப் பத்தி சொல்ல வந்துட்டான் பாரு," என்று மாமனாரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம், "ஏம்ப்பா, அப்ப சாமி மரக்கட்டைக்குப் பயந்துகினு கீறாரா?"

என் கடை அவருடைய கட்டடத்தில் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இடுக்கியை எடுத்துப் பைக்குள் போட்டேன். அந்தக் கூடத்தில் அன்றைக்கு அவர் ஒருவர்தான் மூடர் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. தெரிந்திருந்தும் பையைக் கட்டிய நான் அவரைவிட ஒரு படி கீழே.

கதவுக்குப் பின்னால் தகரப் பெட்டியோடு நின்றவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்தாள். போகிற அன்றைக்கும் கூடத்தைத் துடைத்து வைத்திருந்தாள், தரை இன்னும் காயவில்லை. வா, பேச்சு வேண்டாம் என்று தகப்பனார் தணிந்த குரலில் கூப்பிட்டார்.

"இரு நைனா," என்றாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "அவரு சொல்றது பொய்யின்றீங்க. வேலு ஆளப் பார்த்துதான் அடிக்குதுன்றீங்க." அதற்கப்புறம் சொன்னதுதான் முதலில் எழுதிய பேச்சு.

ஜவுளிக்காரர் அசையவில்லை. விரதத்தில் இருக்கிறவன் கட்டை இல்லாமல் தரையை மிதிக்கக்கூடாது என்றார். விரதக்காரரின் இரண்டு கால்களும் ஈஸிசேர் கைமேல் நீட்டிக் கிடந்தன. கட்டைகள் கீழே இருந்தன.

அவள் அவற்றைப் பார்த்தாள். தகப்பனார் "வேணாம்மா" என்றார். அவள் புடவையை ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புருஷனுடைய கட்டைகளுக்குள் தன் கால்களை நுழைத்தாள். ஈரத்தரையில் டக்டக்கென்று நான்கு எட்டு நடந்து, இடது கையால் வேலைக் கெட்டியாகப் பிடித்தாள். வேல் அடிக்கவில்லை. அதை விடாமலே, வலது கையை நீட்டி, ரேடியோவின் பித்தளைத் தண்டை முழுக்கத் திருகினாள்.