சுரண்டச் சுரண்ட முளைத்த பூ

போன வருடம் ஆடி மாதம். பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகிற வேன்களும் டிராக்டர்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடித்து வீடு வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்த சமயம். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டு ஹாலில், ஒரு நாலடிக் கண்ணாடித் தொட்டிக்குள் நடந்த கதை இது. மீன் தொட்டிக்கு இவ்வளவு பில்டப்பா என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டு வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து நான் சேர்த்து வைத்திருந்த கர்வம் மொத்தமும் அந்தத் தண்ணீரில்தான் கரைந்தது.

தொட்டி என் மனைவியுடையது. அவள் இங்கேயே ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டிலும் லேப் திறந்துவிடும். சொட்டு சொட்டாக மருந்து விட்டுத் தண்ணீரின் நிறம் பார்ப்பாள், உப்பு அளப்பாள், நோட்டில் எழுதுவாள். ஏனென்றால் அது சாதாரண மீன் தொட்டி இல்லை, கடல் தண்ணீர்த் தொட்டி. அதற்கென்று பாக்கெட்டில் வருகிற உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கலந்துதான் ஊற்ற வேண்டும். பழவேற்காடு பக்கத்திலேயே இருக்கிறதே, இரண்டு கேன் மொண்டு வந்தால் ஆகாதா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. என் செக்‌ஷனில் கிரேன் ஓட்டுகிறவர் இன்னும் ஒரு படி மேலே போய், "இன்னா நைனா, ஊட்ல மீன வச்சிக்கினு கடைக்குப் போய் வஞ்சிரம் வாங்கிக்கினு கீற" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

உள்ளே ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். அவற்றைவிட முக்கியம், கடல் பாறையில் வளர்கிற உயிருள்ள ஒரு பச்சைப் பவளம். நுனியெல்லாம் குட்டிக் குட்டிச் சுத்தியல் மாதிரி இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒற்றைத் தலையாக வாங்கி வந்து, அதை ஆறு தலையாக வளர்த்திருந்தாள். வீட்டில் அதன் பெயரே சுத்தியல்தான். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "சுத்தியல் விரிஞ்சிச்சா?" என்றுதான் கேட்பாள். எனக்கு உடம்பு சரியில்லாத நாளிலும் முதல் கேள்வி அதுதான். எனக்கு லேசான பொறாமை உண்டு, மறைப்பானேன்.

அந்த ஆடியில் நெல்லூரில் இருக்கிற அவளுடைய அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். கிளம்பும்போது எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "சோறு போடுங்க, கொறையற தண்ணிய ஊத்துங்க. கைய மட்டும் உள்ள வுடாதீங்க."

அவள் போன நாலாம் நாள், தொட்டிக்குள் அடுக்கியிருந்த பாறை இடுக்கில் ஒரு பூ தெரிந்தது. பழுப்பாக, கண்ணாடி மாதிரி, மெல்லிசாக விரல் விரலாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் மூன்று. செலவில்லாமல் பூ வந்திருக்கிறதே என்று குஷியாகிப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. அது பூவே இல்லையாம், கடல் அனிமோன் என்கிற உயிரின ஜாதியில் ஒரு களையாம், புதிதாக வைத்த பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்குமாம், பக்கத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிக் கொன்றுவிடுமாம். "நீங்க தொடாதீங்க, நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள். ஏன் தொடக்கூடாது என்று சொல்வதற்குள் ஆஸ்பத்திரியில் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. எத்தனை டன் மிஷினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். சுண்டுவிரல் அளவு பூவைப் பிடுங்க எனக்குத் தெரியாதா? எங்கள் வேலையில் துருவைக் கண்டால் ஒரே மருந்துதான். வேர் வரைக்கும் சுரண்டு, பிரஷ் போடு, துடை. விட்டுவைத்தால் பரவும். இந்தப் பூவும் அப்படித்தானே என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை புதிதாக ஒரு ஸ்க்ரேப்பரும் ஒரு வயர் பிரஷும் வாங்கிவந்து, நன்றாகக் கழுவி, முழங்கை வரை உள்ளே விட்டேன். கிட்டே போனதுமே அந்தப் பூ சடக்கென்று துளைக்குள் போய்விட்டது. விடுவேனா? துளைக்குள் ஸ்க்ரேப்பர் முனையை விட்டு நோண்டி, மேலே பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பழுப்புத் தூளாகக் கிளம்பித் தொட்டி முழுக்கச் சுற்றியது. தண்ணீரைச் சுழற்றுகிற பம்பு நன்றாகவே வேலை செய்தது. பாறையை வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பிரியாணி வாங்கிச் சாப்பிடப் போய்விட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். காலையில் லைட் எரிந்ததும் பார்க்கிறேன், நான் வெள்ளையாக்கிய பாறை முழுக்கக் குண்டூசித் தலை அளவில் பூக்கள். அடுத்த பாறையில் பூ. கண்ணாடியில் பூ. பம்பின் வாயில் பூ. அப்போதுதான் செல்போனில் தேடிப் படித்தேன். அந்தச் சனியனைப் பிய்த்துப் போட்டால், விழுகிற ஒவ்வொரு துண்டும் தனித்தனிப் பூவாக முளைக்குமாம். நான் களை எடுக்கவில்லை, நாற்று நட்டிருக்கிறேன்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் மேல் கோபம். மூளையே இல்லாத ஒரு ஜந்து என்னைத் தோற்கடிக்கிறதே என்று அதன் மேல் கோபம். சரி, தப்பை நானே சரி செய்துவிடலாம், அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று இறங்கினேன். அங்கேதான் உண்மையான கோளாறு ஆரம்பித்தது.

மெடிக்கலில் ஊசி வாங்கி எலுமிச்சைச் சாறு ஏற்றிப் பார்த்தேன். நாலு சுருங்கினால் மறுநாள் எட்டு சிரித்தது. கொதிக்கும் தண்ணீரை ஊசியில் எடுத்ததில் என் விரல்தான் வெந்தது. சுண்ணாம்பைக் குழைத்து அதன் வாயில் வைத்தால் செத்துவிடும் என்று எங்கோ படித்து, வெற்றிலைக் கடைக்கு ஓடினேன். ஒரு டப்பா சுண்ணாம்பு கேட்டதும் கடைக்கார அம்மா, வீட்டில் ஏதாவது கல்யாணமா என்று விசாரித்தார். ஒவ்வொன்றாக, துளித் துளியாக, பம்பை நிறுத்திவிட்டு வைக்க வேண்டும் என்று அதே இடத்தில் எழுதியிருந்தது. அதைப் படிக்கிற பொறுமை எனக்கு இல்லை. மொத்த டப்பாவையும் கரைத்து ஒரே மூச்சில் பாறை முழுக்கப் பீச்சினேன்.

தொட்டி பால் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன. அவள் அவசரத்துக்கென்று கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீர் டிரம் முழுவதையும் இறைத்து ஊற்றி, ஷிப்டுக்கு லீவு சொல்லி, சாயங்காலம் வரை தரையைத் துடைத்துக்கொண்டே கிடந்தேன். மீன்கள் பிழைத்தன. சுத்தியல் மட்டும் சுருங்கியது சுருங்கியதுதான். ஏற்கெனவே அதன் அடியில் நாலைந்து பூக்கள் முளைத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. இரண்டு தலைகளில் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது.

தினமும் சாயங்காலம் அவள் ஒரு படம் கேட்பாள். அதுவரை பூ தெரியாத கோணமாகப் பார்த்து எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எந்தக் கோணமும் மிச்சமில்லை. போனைத் தடவித் தடவி, சுத்தியல் பளபளவென்று விரிந்திருக்கிற ஒரு பழைய படத்தைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் போன்.

"இது நான் எடுத்த போட்டோ" என்றாள். "கண்ணாடில பாருங்க, நான் நிக்கிறேன்."

பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைப் பவளத்துக்குப் பக்கத்தில், கண்ணாடியில் மங்கலாக, கம்பெனி யூனிபார்மில் அவள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளே எப்போதோ எனக்கு அனுப்பிய படம். "இன்னா பண்ணி வச்சிகீறீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஸ்க்ரேப்பரிலிருந்து சுண்ணாம்பு வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

அக்காவுக்குப் பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, மறுநாள் ரயிலைப் பிடித்து மதியம் வந்து நின்றாள். கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ஏன் முதலிலேயே விவரம் சொல்லவில்லை என்று கேட்டு, கணக்கைச் சரிக்கட்டியிருப்பேன். அவள் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"தெரியாம சுரண்டுனீங்க, சரி. பவளம் செத்துக்கினு கீறப்ப எனக்கே என் போட்டோவ அனுப்புனீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடில."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஏனென்றால் எங்கள் செக்‌ஷனில் எல்லோருக்கும் நான் ஓதுகிற பாடமே அதுதான். கியர் பாக்ஸுக்குள் போல்ட் விழுந்துவிட்டால் உடனே சொல், திட்டு வாங்கிக்கொள், மிஷின் பிழைக்கும். மறைத்து மூடிப் பூட்டினால் மொத்தமும் போகும். மறைத்தவர்களை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன். அந்த நான், வீட்டில் மூடிப் பூட்டியிருக்கிறேன்.

அவள் வேலையை ஆரம்பித்தாள். மோசமான இரண்டு பாறைகளை வெளியே எடுத்தாள். மீதி இடங்களில் பம்பை நிறுத்திவிட்டு, அதே வெற்றிலைச் சுண்ணாம்பைத்தான் குழைத்து, ஊசியால் ஒவ்வொரு பூவின் வாயிலும் கடுகளவு வைத்தாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுக்கு மேல் வைக்கவில்லை. மருந்து சரிதான், வைத்த கைதான் தப்பு என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பூவைத் தின்கிற சிவப்புக் கோடு போட்ட இறால் நாலைச் சென்னையிலிருந்து வரவழைத்தாள். மீதியை இறால் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளில் நெல்லூர் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் நான் எடுத்த படங்களையே அனுப்பினேன். நன்றாக இல்லாததையும் அனுப்பினேன்.

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரம் சுத்தியலில் மூன்று தலைகள் போயிருந்தன. செத்த பக்கத்தை வெட்டி எடுத்தால்தான் மீதி பிழைக்கும் என்றாள். வெட்ட ஒரு கை, அசையாமல் பிடிக்க ஒரு கை வேண்டும். நான் இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"வாங்க, கைய வுடுங்க" என்றாள். "நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க."

என் வாழ்க்கையில் எந்த ஷாஃப்டையும் அவ்வளவு பயந்து பிடித்ததில்லை. கட்டர் வைத்து நறுக்கென்று வெட்டினாள். அவள் சொல்கிற வரைக்கும் நான் அசையவில்லை.

இப்போது சுத்தியலுக்கு நாலாவது தலை முளைத்திருக்கிறது. பம்பு மூலையில், இறாலுக்கும் எட்டாத இடுக்கில், ஒரே ஒரு பழுப்புப் பூ மட்டும் இன்னும் இருக்கிறது. நான் கிட்டே போனால் சடக்கென்று உள்ளே போய்விடுகிறது. கை அரிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு, இன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்று உள்ளது உள்ளபடி அவளிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புகிறேன்.