புதன்கிழமை கழுவிய படிகள்

கனவில் எனக்குப் படிகள்தான் வரும். இப்போது இருப்பது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த ஒரு ஃபிளாட்டில். மேலே போக லிஃப்ட், கீழே வர லிஃப்ட். கால்கள் படிகளை மறந்து வெகு காலமாகிறது. ஆனாலும் கரையோர ரயில் போன பிறகு சன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருக்குமே, அந்த நடுக்கத்துக்குள் கொட்டாஞ்சேனை வீட்டின் வெளிப்படிகள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துப் படிகள், பக்கத்தில் துருப்பிடித்த இரும்புக் கைப்பிடி. படிகளின் மேல் சவர்க்கார நுரை, நுரைக்குள் வானம்.

துறைமுகத்துக்குக் கிட்டிய பழைய மாடி வீடு அது. கீழே அப்பா, அம்மா, பெரியம்மா, நான். மேலே வாடகைக்கு ஒரு அக்காவும் அவளுடைய புருசனும். அக்கா தையல்காரி. அவளுடைய மெசின் சத்தம் எங்கள் கூரை வழியாக மழை மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த மழையில்தான் நான் வீட்டுப்பாடம் செய்தேன், அந்த மழையில்தான் பகலில் தூங்கினேன். அந்த வருடம் எனக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுத்து அக்காவிடம் கொடுத்திருந்தோம். ஒரு கை தைத்தாயிற்று, மற்றக் கை இன்னும் இல்லை. ஒற்றைக் கையோடு கொடியில் ஆடும் அந்தச் சட்டையைப் பார்க்கத் தினமும் மேலே ஓடுவேன்.

புருசன் துறைமுகத்தில் இரவு வேலைக்காரன். காலையில் அவன் படியேறும்போது மெசின் நின்றுவிடும். பிறகு வேறு சத்தங்கள் வரும். அம்மா ரேடியோவைக் கூட்டி வைப்பாள். பெரியம்மா செபமாலையை எடுப்பார். அப்பா பேப்பரில் ஒரு பக்கத்தையே நெடுநேரம் படிப்பார். "புருசன் பெண்சாதி விசயம், நாங்கள் என்ன கதைக்கிறது?" என்று பெரியம்மா மணிகளுக்கு நடுவில் சொல்லிக்கொள்வார். கடலில் காற்று மாறுகிற மாதிரி மாடியிலும் ஏதோ மாறும், பிறகு அடங்கும் என்று நான் நினைத்திருந்தேன். எல்லா மாடிகளிலும் அப்படித்தான் என்றும்.

ஒரு புதன்கிழமை காலை. அம்மா ரேடியோவுக்குக் கை நீட்டும் முன்பே படிகளில் ஏதோ பாரமாக உருண்டு வந்தது. சன்னலால் எட்டிப் பார்த்தேன். அக்காவின் புருசன் அடிப்படியில் கிடந்தான், பப்பாசி மரத்தை அண்ணாந்து பார்த்தபடி. மேல்படியில் அக்கா. கழுத்தில் அளவு நாடா. ஏதோ பாரத்தை இறக்கிவைத்த பிறகும் கைகளை மடக்க மறந்துபோனவளைப் போல, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றாள். ஒருவரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் புதினமாக இருந்தது.

அப்பா குனிந்து மூச்சுப் பார்த்தார். நிமிர்ந்து, கட்டிலில் விரித்திருந்த பெற்சீற்றால் அவனை மூடினார். "பொலிசுக்குச் சொல்லிப்போட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தார்.

"வந்தாங்களெண்டால் இவளைத்தான் கொண்டுபோவாங்கள்," என்றார் பெரியம்மா. "பொரளையில மறியல், கம்பிக்குள்ள."

"அப்ப என்ர சட்டை?" என்றேன் நான்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேலே, கை நீட்டியபடி நின்றவளைப் பார்த்தாள். "வாளியை எடு," என்றாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவு கிடக்கிற வீட்டில், பெட்டி வெளிக்கிடும் வரைக்கும், தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை. பெரியம்மா அதில் மகா கண்டிப்பு. ஒருமுறை அயல்வீட்டில் சாவென்று எங்கள் முற்றத்தையே கூட்ட விடாதவர். அன்றைக்கோ அவரே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேங்காய்ப் பொச்சுமட்டையும் சன்லைட் சவர்க்காரமுமாக மேல்படியில் இருந்து தேய்த்து வந்தார். அம்மா தண்ணீர் ஊற்றினாள். நுரை படி படியாக இறங்கி வந்தது. காலை வெயில் ஒவ்வொரு குமிழுக்குள்ளும் புகுந்து சின்னச் சின்ன வானவில் செய்தது. நான் கை கொட்டினேன். திருநாள் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். பெற்சீற்றுக்கு அடியில் ஒருவன் கிடப்பது அந்த நுரையில் எனக்கு மறந்தே போயிற்று.

பொலிசு வந்தது. பிறகு குடை பிடித்துக்கொண்டு மரண விசாரணைக்காரர் வந்தார். கொறனர் மாத்தயா என்றுதான் எங்கள் ஒழுங்கையில் சொல்வார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட, நரைத்த சிங்களவர். தமிழ் பேசுவார், ஆனால் தெரியாத வீட்டில் இருட்டில் நடப்பவரைப் போல ஒவ்வொரு சொல்லாக வைத்து. எங்கள் ஹோலில் நல்ல கதிரையை இழுத்துப் போட்டோம். அவருக்குப் பக்கத்தில் கொன்ஸ்டபிள் நின்றான்.

"இந்த மனிசன் எப்பிடி விழுந்தது?"

"வழுக்கித்தான், ஐயா," என்றாள் அம்மா. "படி கழுவிக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் காலமை கழுவுறனாங்கள்."

"ஓம், ஒவ்வொரு நாளும்," என்றார் பெரியம்மா, செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டே.

கொறனர் சன்னலால் படிகளைப் பார்த்தார். "நல்ல வெயில்தானே. இன்னும் நுரை போகல்லே." அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "நான் நிறையச் சாவு வீடு போன ஆள், நோனா. பிணம் கிடக்கிற வீட்டில தமிழ் ஆக்கள் தண்ணி ஊத்துறது இல்லை. அப்பிடித்தானே?"

"அது... செத்தாப் பிறகு கழுவேல்லை, ஐயா. முதலே கழுவினது."

அவர் என் பக்கம் திரும்பினார். "மகள், உங்கட வீட்டில எந்த நாள் படி கழுவுறது?"

ஞானோபதேச வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குகிற பிள்ளை நான். எழுந்து நின்று, சிஸ்டர் பழக்கின மாதிரி உரக்கச் சொன்னேன்: "சனிக்கிழமை!"

"இண்டைக்கு என்ன நாள்?"

"புதன்!"

பெரியம்மாவின் விரலில் மணி நின்றது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

"சின்னப் பிள்ளை பொய் சொல்லாது, சேர்," என்றான் கொன்ஸ்டபிள், சந்தோசமாக.

கொறனர் அக்காவைக் கூப்பிடச் சொன்னார். சீலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கழுத்தில் நாடா இருந்த இடத்தில் இப்போது விரல் அடையாளங்கள். கையில் என் சட்டையின் மற்றக் கை. அதை எடுத்து வந்தது அவளுக்கே தெரியாது போல.

"இந்தக் காயம் இண்டைக்கா? பழசா?"

"இண்டையானும் இருக்கு, ஐயா. பழசும் இருக்கு."

"யாருக்கும் சொல்லல்லையா?"

அக்கா எங்கள் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "மேல நடக்கிறது கீழ கேக்கும்தானே, ஐயா," என்றாள்.

அம்மா தலையைக் குனிந்தாள். ஈரம் காயாத தன் கைகளைச் சீலைத் தலைப்பால் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

கொறனர் அந்தக் கைகளைப் பார்த்தார். அக்காவின் கையில் இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். அது யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். "ஆ, லஸ்ஸனாய்," என்றார், வடிவு என்று சிங்களத்தில். பிறகு கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் ஒருக்கா மேல ஏறிப் பார்க்கிறது."

எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். கொறனர் பெற்சீற்றுக்கு விலகிச் சுற்றிப் போய்ப் படியேறினார். பாதிப் படியில் சப்பாத்து சறுக்கியது. "அம்மே!" என்று கத்திக்கொண்டு, கோட்டும் காற்சட்டையுமாக நுரைக்குள் தொப்பென்று விழுந்து இருந்தார். கொன்ஸ்டபிள் குடையைப் போட்டுவிட்டு ஓடினான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்னை ஒருவரும் அதட்டவில்லை.

"பார்த்ததா?" என்றார் அவர், எழும்பாமலே. "எனக்கே வழுக்குது. இரவு முழுக்க வேலை செஞ்சு, குடிச்சிட்டு வந்த மனிசன் எப்பிடி நிக்கிறது? எழுது. கால் தவறி விழுந்தது."

"சேர், அந்தப் பிள்ளை சனிக்கிழமை எண்டு..."

"அந்தப் பிள்ளைக்கு நாள் தெரியும். படி தெரியாது. நீ எழுது."

போகும்போது அம்மாவிடம் நின்றார். இனி ஒவ்வொரு நாளும் படி கழுவும்படி மெல்லச் சொன்னார். அம்மா கழுவினாள். அந்த வீட்டை விட்டு நாங்கள் போகும் வரைக்கும், மழை பெய்தாலும்.

பெட்டி போன பிறகு சில நாள் கூரை மௌனமாக இருந்தது. பிறகு ஒரு பின்னேரம் மெசின் மழை மறுபடி தொடங்கியது. அம்மா ரேடியோவை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் சட்டைக்கு மற்றக் கையும் வந்தது. கையின் ஓரத்தில், நாங்கள் சொல்லாமலே, அக்கா சின்ன லேஸ் வைத்திருந்தாள்.

முதல் நன்மை அன்று கோயிலால் வந்து, கேக் வெட்டி, வீடு நிறைய ஆட்கள். எனக்கு நடிப்பில் பெரும் ஆசை. வெள்ளைச் சட்டையோடு படியடியில் நின்று, "இப்ப கொறனர் மாத்தயா விழப்போறார்!" என்று அறிவித்தேன். மேல்படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்களும் திறந்திருந்தன. ஏறினேன். பாதிப் படியில் நின்றேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். ஆடுகிற பல்லைப் பார்ப்பது போல ஒருமுறை அசைத்துப் பார்த்தேன். பிறகு காலைச் சறுக்கவிட்டு, "அம்மே!" என்று விழுந்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாதான் பிழை பிடித்தார். "அடியே, மாறிச் செய்யிறாய். முதல்ல வழுக்குவினம், பிறகுதான் கம்பியைப் பிடிப்பினம்."

"இல்லை, அவர் முதல்லயே பிடிச்சவர். நான் பார்த்தனான்," என்றேன்.

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா மேல்படியைப் பார்த்தாள். அக்கா முகத்தைச் சீலைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. என் நடிப்பில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டேன். சட்டையைத் தட்டிவிட்டு, இன்னும் நன்றாக விழுந்து காட்ட, மறுபடி கீழே இறங்கிப் போனேன்.