தோளில் குத்திய ஊக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சென்னையில் ஒரு டிவி நிகழ்ச்சியின் படப்பிடிப்பில் நடந்தது இது. புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் தங்கள் பொருளைக் கொண்டுவந்து காட்ட, எதிரே உட்கார்ந்திருக்கும் பெரிய முதலாளிகள் பிடித்திருந்தால் முதலீடு செய்வார்களே, அந்த மாதிரி நிகழ்ச்சி. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு கோட்டைப் போட்டுக் காட்டத்தான் போனேன்.

கோட் என்றால் கல்யாண மாப்பிள்ளை கோட் இல்லை. எங்கள் பக்கத்து ஃபேக்டரிகளில் பெண்கள் சுடிதாருக்கு மேல் போடுகிற யூனிஃபார்ம். துப்பட்டாவை அதற்குள் அடக்கி, தோளில் ஊக்கு குத்திக்கொள்வோம். ஊக்குக்கா பஞ்சம், தாலிச்சரட்டிலேயே இரண்டு மூன்று தொங்கும். துப்பட்டா போடாதீர்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டேதான் இருப்பார். ஆண்கள் எதிரே நிற்கும் லைனில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவளுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும்.

அந்தத் துப்பட்டாதான் என் பக்கத்து மெஷினில் நின்ற அக்காவை இழுத்தது. கோட்டுக்குள்ளிருந்து நழுவிய முனை கன்வேயர் உருளையில் சுற்றிக்கொண்டது. நான் ஓடிப்போய் எமர்ஜென்சி பட்டனை அடித்தேன். அக்கா பிழைத்துவிட்டார். ஆனால் தொண்டையில் பட்ட அடியில் பேச்சு வெறும் காற்றாகத்தான் வருகிறது. வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு உருளை சுற்றும் சத்தம் கேட்டாலே என் கை கழுத்துக்குப் போய்விடும்.

இந்த விபத்தைக் கேள்விப்பட்டுத்தான் அந்த மனிதர் பென்னலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். எங்கள் பக்கம் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. நல்லவிதமாக இல்லை, அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் ‘குளுகுளு சட்டை’ என்று ஒன்றை விற்றார். வெயிலில் நின்றாலும் உடம்பு சூடாகாதாம். என் வீட்டுக்காரரும் ஒன்று வாங்கி, மத்தியானம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வண்டியில் வந்து இறங்கியதும், “இன்னாடி இது, முதுவெல்லாம் பத்திக்கினு கீது” என்று கழற்றி வீசினார். ஊரே திட்டியது. செல்போனில் அவரைக் கிண்டல் செய்து வீடியோ வராத நாள் இல்லை. அவரோ, முடிந்தால் பொய் என்று நிரூபித்துப் பாருங்கள் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் யார் உள்ளே கூப்பிடுவார்கள்? வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினேன். “இதுல தோள்லயும் பக்கத்துலயும் தையலே கெடையாதும்மா. ரெண்டு பக்கமும் ஒட்டுப் பட்டைதான் புடிச்சிக்கினு கீது. எங்க மாட்டி இழுத்தாலும் பட்டை வுட்டுக் குடுத்துடும். கோட்டு மட்டும் மெஷினுக்குப் போவும், ஆளு நிப்பா” என்றார். முன்பக்கம் துணி இரட்டையாக இருந்ததால் துப்பட்டாவும் தேவையில்லை. அந்தப் பட்டைக்குப் பேட்டன்ட் வாங்கி வைத்திருந்தார். ஆனால் அவர் பெயரைக் கேட்டாலே கம்பெனிக்காரர்கள் கேட்டைத் திறப்பதில்லை. டிவியில் பெரிய மனிதர் யாராவது கை கொடுத்தால்தான் கோட் லைனுக்கு வரும், போட்டுக் காட்ட லைனில் நிற்கும் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்.

நம்பாமல்தான் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு அவருடைய ஷெட்டுக்குப் போனேன். கோட்டைப் போட்டு நின்றேன். மோட்டார் உருளையில் கோட்டின் நுனியை மாட்டி ஓடவிட்டார். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கோட் உருளையில் சுற்றிக் கிடந்தது, நான் நின்ற இடத்தில் நின்றேன். அக்காவை நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன். “அந்தாளு கூட டிவில நின்னா நம்ம பேரும் நாறிடும்” என்று வழியெல்லாம் முணுமுணுத்த வீட்டுக்காரரே குனிந்து, உருளையிலிருந்து கோட்டைப் பிரித்தெடுத்து, பட்டையை இழுத்துப் பார்த்தார்.

படப்பிடிப்பு நாள் வந்தது. அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. எங்கே திரும்பினாலும் விளக்கு, கேமரா, ஆண்கள். உள்ளே முழுச் சுடிதார் போட்டுத்தான் இருந்தேன். ஆனாலும் இத்தனை பேர் எதிரில் மேலே போட்ட துணி கழன்று போகப்போகிறது என்ற நினைப்பு வந்ததும் உடம்பு கூசியது. என் கை அதன் போக்கில் தாலிச்சரட்டுக்குப் போனது. ஓர் ஊக்கை எடுத்து, கோட்டையும் சுடிதாரையும் சேர்த்துத் தோளில் குத்தியது. தினமும் காலையில் செய்கிற காரியம். குத்தினோம் என்பதே எனக்கு நினைவில்லை.

அவர் மனப்பாடம் செய்துவந்த நல்ல தமிழில் எல்லாம் சொல்லி முடித்து, கோட்டின் நுனியை மேஜைமேல் இருந்த உருளையில் மாட்டி மோட்டாரைப் போட்டார். ஒரு பக்கப் பட்டை விட்டது. இன்னொரு பக்கம் விடவில்லை. கோட் என்னையும் சேர்த்து இழுத்தது. முட்டி மேஜையில் இடித்தது, முகம் உருளைக்கு மேலே போனது. அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது. அதற்குள் அவர் சுவிட்சை அணைத்துவிட்டார்.

என்னைத் தூக்கி நிறுத்தியவர் கண்ணில் தோளிலிருந்த ஊக்கு பட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. “அண்ணா, நாந்தாண்ணா குத்திட்டேன். அவங்ககிட்ட சொல்லிடுங்க” என்றேன். சொல்லியிருக்கலாம். இந்தப் பெண் செய்த தப்பு, இன்னொரு தடவை காட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ஊக்கைக் கழற்றி, மூடி, என் கையில் கொடுத்தார்.

முதலாளிகளில் ஒருவர் சிரித்தபடியே, “உங்க குளுகுளு சட்டை கதைதான் இதுவுமா?” என்று கேட்டார்.

நல்ல தமிழெல்லாம் அவரிடமிருந்து உதிர்ந்துவிட்டது. “அந்தச் சட்டை குளுராதுன்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சேதான் வித்தேன்” என்றார். என் தோளில் தொங்கிய கோட்டைக் கையில் பிடித்துக் காட்டினார். “இந்தக் கோட்டை அப்டி விக்க மாட்டேன். ஊக்கு குத்தாத பொம்பள எந்த லைன்லயும் கெடையாது. அத யோசிக்காம செஞ்சது என் தப்பு. இதுக்கு இப்ப துட்டு போடாதீங்க, சரி பண்ணிக்கினு வரேன்.”

முதலாளிகள் வரிசையில் இருந்த ஓர் அம்மா, ஊக்கு குத்தக் கூடாது என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்டார். “துப்பட்டா போடாதன்னுகூட சொல்லிக்கினுதாம்மா கீறாங்க” என்றார் இவர். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடிப் பார்த்தோம். நான் இழுபட்டு மேஜையில் மோதுவது வந்தது. முதலாளியின் கேள்வி வந்தது. “தெரிஞ்சேதான் வித்தேன்” வந்தது. அதோடு வெட்டிவிட்டார்கள். அடுத்து முதலாளிகள் தலையாட்டி மறுப்பது, சோக இசை, விளம்பரம். ஊக்கு இல்லை, ‘விக்க மாட்டேன்’ இல்லை. அந்த அரைப் பேச்சு செல்போன் செல்போனாகச் சுற்றியது. ஆத்திரம் தாங்காமல் அவருக்கு போன் செய்தேன். “வுடும்மா, நான் சொன்னதத்தானே போட்டாங்க” என்று வைத்துவிட்டார்.

சொன்னபடி கோட்டைச் சரிசெய்தார். தோளில் ஊக்குக்கென்றே தடித்த துணியில் ஒரு மடிப்பு வைத்தார். அதில் குத்தினால் சுடிதாரைப் பிடிக்காது, ஊக்கும் கோட்டோடு போய்விடும். என் மனம் போலக் குத்திப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் கழன்றது. அதை எடுத்துக்கொண்டு போய் எங்கள் மேனேஜரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “நல்லாதாம்மா இருக்கு. ஆனா ஆளு அவராச்சே. டிவில அவரே ஒத்துக்கிட்டாரே” என்றார். அதற்கப்புறமும் ஒன்று சொன்னார் சார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன் என்றேன். மேனேஜர் கோட்டை மடித்து என் கையில் கொடுத்தார்.

ஊரிலிருக்கும் அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை சந்தேகப்படாமல் நம்பியது அக்கா ஒருவர்தான். “அப்ப அந்தக் கோட்டு லைனுக்கு எப்பம்மா வரும்?” என்று அந்தக் காற்றுக் குரலில் கேட்டார்.

இன்றும் எங்கள் லைனில் பழைய கோட்தான், உள்ளே துப்பட்டாதான். தினமும் காலையில் தோளில் ஊக்கைக் குத்தும்போது, பொய் சொல்லியே பேர் வாங்கிய ஒருவர் உண்மை பேசியதைக் கேட்டவள் நான் என்பதும், அதில் பாதியைக் கேட்டு முடிவு கட்டிய ஊருக்கு மீதியைச் சொல்லும் பொறுப்பு என்னுடையது என்பதும் அந்த ஊக்கோடு சேர்ந்து என்னைக் குத்துகிறது.