கிழிந்துபோன பதினோரு பக்கங்கள்

வேலை பார்க்கும் இடத்தில் அவருக்கு மூணுதட்டு என்று பெயர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எங்காவது யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், போனதும் முதல் வேலையாகக் கதவில் மூன்று தட்டு தட்டுவார். பிறகுதான் வாயைத் திறப்பார். "ஆள் வந்தாச்சு. கீழ உக்காருங்க. கதவைத் தள்ளாதீங்க." திறந்த பிறகும் உள்ளே இருக்கிற கடைசி ஆள் இறங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முப்பத்திரண்டு வருடத்தில் எந்த லிஃப்டை விட்டும் அவர் அடுத்தவருக்கு முன்னால் இறங்கியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் வசமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிசையின் நட்டநடு இருக்கை. வலது பக்கம் மகள், இடது பக்கம் மனைவி. இரண்டு பக்கமும் பத்துப் பத்து ஜோடி முழங்கால்கள். திரையில் 'பனிக்கிணறு' ஓடிக்கொண்டிருந்தது.

அது அவர் பன்னிரண்டு வயதில் படித்த நாவல். பழைய புத்தகக் கடையில் அட்டையில்லாமல் கிடந்தது. தூரத்து நிலவொன்றில், பனிக்கட்டிக்கு அடியில் ஏழு பேர் சுரங்கம் தோண்டுகிறார்கள். மேலே போக ஒரே வழி, கயிற்றில் தொங்கும் ஒரு கூண்டு. அது பாதியில் நின்றுவிடுகிறது. ஏழு பேரில் ஒருத்தி மெக்கானிக். அவள் கயிற்றைப் பற்றியும் கப்பியைப் பற்றியும் யோசிக்கிற பக்கங்களைப் படித்துப் படித்துத்தான் அவருக்கு இந்தத் தொழிலே பிடித்துப்போனது.

ஆனால் அந்தப் பிரதியில் கடைசிப் பதினோரு பக்கங்கள் இல்லை. இருநூற்றுப் பதினெட்டாம் பக்கம், 'கூண்டின் கதவில் கைவைத்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே இன்னும்' என்று பாதி வாக்கியத்தில் நின்றுபோயிருந்தது. கீழே இன்னும் என்ன? மறுபதிப்பு வந்தபோது கடைக் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார். அதற்குக் காரணம் இருந்தது.

மகளுக்கு அப்போது ஏழு வயது. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டில் தனியாக ஏறியவள் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள். கையால் சக்கரத்தைத் திருப்பித்தான் கூண்டை நகர்த்த முடியும். அதற்கு மொட்டைமாடி அறையில் ஒருவர், கதவருகே ஒருவர் வேண்டும். தனியாளாகச் செய்யவே கூடாது. கூட வேலை செய்பவர் நகரத்தின் மறுகோடியிலிருந்து வரவேண்டும். இவர் கதவை விட்டு இரண்டடி நகர்ந்தாலே உள்ளேயிருந்து வீறிடும் சத்தம். அதனால் அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, கதவிடுக்கில் வாயை வைத்து, பனிக்கிணறு கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இருநூற்றுப் பதினெட்டாம் பக்கம் வந்துவிட்டது. ஆள் வரவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம்... கூண்டு மேல வந்துது."

"எல்லாரும் வெளிய வந்தாங்களா?"

"வந்தாங்க. அந்த மெக்கானிக் மட்டும் கீழ இருந்தா. அப்போ மேலேருந்து மூணு தட்டு கேட்டுது. அவளையும் கூட்டிட்டுப் போக ஆள் வந்துட்டாங்க."

"நீயா சொல்றியா, புத்தகத்துல இருக்கா?"

"சத்தியமா புத்தகத்துல இருக்கு, கண்ணு."

அதன்பிறகு அந்தப் புத்தகத்தை மகள் தொட அவர் விட்டதே இல்லை. தாள் உதிரும், கை படக்கூடாது என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். அவள் வளர்ந்து, படித்து, ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை ஆகியும் அந்தத் தடை நீங்கவில்லை. மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். கல்யாணமான முதல் மாதமே தூசி தட்டும்போது புரட்டிப் பார்த்திருந்தாள்.

திரையில், பாதியில் நின்ற கூண்டைக் கீழே இறக்கி மறுபடி ஓட்டும் வேலை தொடங்கியது. மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்போதான்ப்பா வரும் உன் சீன்."

இடது காதில் மனைவி கிசுகிசுத்தாள். "வயித்தை வலிக்குதுன்னு சொல்லி எழுந்து போயிடுங்களேன்."

"பத்துப் பேர் காலை மிதிக்கணும்."

"ஊரையெல்லாம் மீட்டுட்டு வர்ற ஆளு! இங்கேருந்து வெளிய போகத் தெரியல."

"சும்மா இரேன்."

"எனக்கென்ன, நான் படம்தான் பாக்கறேன்" என்று சோளப்பொரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

கீழேயிருக்கும் சக்கரத்தை ஒருவர் கையால் சுற்றினால்தான் கூண்டு மேலே போகும் என்று திரையில் மெக்கானிக் சொன்னாள். அது அவர் புத்தகத்திலேயே இருந்தது. அதைச் சொன்னவள் கூண்டின் கதவில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்து நாலு வருடமாகத் தெரியாமல் இருந்தது இன்னும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எப்படியும் தட்டல் இருக்கப்போவதில்லை. அது அவருடையது.

அவள் கதவை வெளியிலிருந்து சாத்தினாள். ஆறு பேர் மேலே போனார்கள். கூண்டின் வெளிச்சம் சுண்டு விரலளவாகி, புள்ளியாகி, அணைந்தது. இருட்டில் அவள் சக்கரத்தை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தட்டுவாங்க, பாரு" என்றாள் மகள்.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

அரங்கின் லிஃப்டில் ஏறும்போதே மகள் கொதித்துக்கொண்டிருந்தாள். "கெடுத்து வச்சிருக்காங்கப்பா! அவளைப் போய் சாகடிச்சிருக்காங்களே, கதை புரிஞ்சவங்க எடுப்பாங்களா இப்படி? நீ எப்படி ஒண்ணும் சொல்லாம நிக்கறே?"

"அப்பாவுக்கு அதிர்ச்சிம்மா" என்றாள் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

லிஃப்டில் பத்துப் பேர் இருந்தார்கள். மகள் போனை வாயருகே வைத்துத் தன் வாசகர் குழுவுக்குக் குரல் பதிவு செய்தாள். "யாரும் படத்தை நம்பாதீங்க. நாவல்ல ஏழு பேரும் வெளிய வராங்க. எங்கப்பாகிட்ட புத்தகம் இருக்கு. இன்னிக்கே கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடறேன்."

"அனுப்பாத" என்றார் அவர்.

"ஏன்?"

"கடைசி பதினோரு பக்கம் அதுல இல்ல. வாங்கும்போதே இல்ல."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மகள் விரலைப் போனிலிருந்து எடுக்கவில்லை.

"அப்போ அந்த மூணு தட்டு?"

"அது நான்."

"சத்தியம் பண்ணியே."

"பண்ணினேன்."

லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டியது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு நான் வெளிய வருவேன்னாவது உனக்குத் தெரியுமா?"

இந்த இடத்தில் இன்னொரு பொய் சுலபமாக வந்திருக்கும். அவர் உள்ளதையே சொன்னார். "கூண்டோட பாதுகாப்புப் பூட்டு பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சிருந்தா அது விழாது. பிடிச்சிருக்கான்னு பாக்க மேல போகணும். நீ என்னைப் போக விடல. பிடிச்சிருக்கும்னு நெனச்சேன்."

"நெனச்சியா?"

"நெனச்சேன்."

தரைத்தளம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். மனைவியும் இறங்கினாள். அவர் வழக்கம்போலக் கதவில் கைவைத்து நின்றார். மகள் அசையவில்லை.

"இறங்கு, கண்ணு."

"நீ முதல்ல இறங்கு."

அவர் தயங்கினார். அவள் கண் சிவந்திருந்தது. அவர் இறங்கினார். கையை எடுத்ததும் கதவு மூடிக்கொண்டது. மேல்நோக்கிய அம்புக்குறி ஒளிர்ந்தது.

"என்னங்க, அவ பாட்டுக்கு மேல போறாளே?" மனைவியின் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"வருவா."

எண் நான்கில் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. பொத்தானை அமுக்க எழுந்த விரலை அவர் மடக்கிக்கொண்டார். நல்ல லிஃப்ட்தான், சத்தத்திலேயே தெரியும். ஆனாலும் கதவருகே போய், வேறு யாரும் பார்க்கிறார்களா என்றுகூடக் கவனிக்காமல், காதை வைத்து நின்றார். அன்றைக்கு அவருக்குச் சொல்ல ஒரு கதையாவது இருந்தது.

வெகுநேரம் கழித்து எண் இறங்க ஆரம்பித்தது. கதவு திறந்தது. மகள் மூக்கை உறிஞ்சியபடி வெளியே வந்தாள்.

"பதிவை அழிச்சிட்டேன்."

"ம்."

"அது சுலபம். வருஷா வருஷம் என் கிளாஸ் பிள்ளைங்களுக்கு இந்தக் கதையைச் சொல்றேன். முப்பது பிள்ளைங்க. புத்தகத்துல இருக்குன்னு சொல்லித்தான் சொல்றேன். இந்தப் படத்தை அவங்களும் பாப்பாங்க. திங்கக்கிழமை வந்து என்னைத்தான் கேப்பாங்க."

அவர் அவளுக்குப் பின்னால் மூடிய கதவைப் பார்த்தார்.

"நீ வந்து பதில் சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

"பிள்ளைங்ககிட்டயா? நானா?"

"ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு."

மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலப் பக்கத்தில் வந்தாள். "அந்தக் கிளாஸ் ரூமுக்கு ஒரே கதவுதாங்க" என்றாள்.

"எல்லாரும் வெளிய வந்தாங்களான்னு கேட்டா, எந்த முடிவைச் சொல்றது?" என்று அவர் மகளிடம் கேட்டார்.

அவள் ஏற்கெனவே வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அது உன் பாடு" என்றாள்.