போனட்டில் மூன்று விரல் தடம்

போன வாரம் வரை, சில மாதங்களாக என்னால் ஒரு நாற்காலியில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் காரைப் பார்ப்பேன். குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீட்டின் முன்னால் நிற்கும் கறுப்புக் கார். குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீரை அள்ளி போனட்டின் மேல் தெளிப்பேன். முன்பெல்லாம் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடிவிடும். இப்போதோ தட்டையாகப் பரவி நின்றது. குவாரித் தூசியோடு காய்ந்து வெள்ளை வளையங்களை விட்டுப் போனது. பெயின்ட்டின் மேல் போட்ட செராமிக் பூச்சின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். புதுப்பிக்க வேண்டும். அதற்கு அதைப் போட்ட கடைக்குப் போக வேண்டும். அங்கே போனால் அதைப் பூசியவரைப் பார்க்க வேண்டும்.

"தண்ணி ஊத்தி ஊத்திப் பார்த்தா பூச்சு திரும்பி வந்துருமா?" என்றாள் மனைவி. "போயி உள்ளத சொல்லிட்டு வாங்க. இல்ல, காடிய வித்துருங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்கலா."

அவளுக்கு எல்லாம் தெரியும். அன்று காரில் என் பக்கத்தில் இருந்தவள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐந்து வயதான அந்தக் காருக்கு முதல் முறையாகச் செராமிக் பூச்சு போட்டேன். கடை முதலாளி இடைநிலைப் பள்ளியில் என்னிடம் வேதியியல் படித்தவன். வேலை செய்தவர் ஐம்பதை நெருங்கும் ஒரு தமிழர், கழுத்தில் சின்னச் சிலுவை போட்டவர். காரைக் கழுவி, களிமண் போன்ற ஒரு கட்டியால் தேய்த்து அழுக்கை எடுத்து, இயந்திரத்தால் மெருகேற்றி, பிறகு கட்டைவிரல் பருமனுள்ள குப்பியிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் துணியில் விட்டுப் பூசினார். பூசிய இடத்தில் எண்ணெய் பட்ட தண்ணீர் போல வானவில் நிறம் எழும்பும். அது அடங்கும் தருணம் பார்த்துத் துடைத்துவிட வேண்டும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. அவர் கை அந்தத் தருணத்தை ஒரு முறையும் தவறவிடவில்லை. பூச்சு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் முழுவதையும் பார்த்தேன்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "ஏழு நாளைக்கு ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது சார். பூச்சு இறுகணும். கோயிலுக்குக் கொண்டு போறதுன்னாலும் எட்டாவது நாள் போங்க. எங்க ஃபாதரையே, தீர்த்தம் தெளிக்காதீங்க, அடுத்த வாரம் வாங்கன்னு நிறுத்தி வச்ச ஆளு நான்."

சிரித்தோம். மூன்றாம் நாள் நான் கோயிலுக்குப் போனேன்.

தெலுக் இந்தான் போகும் வழியில் நான் பிறந்த தோட்டம் இருந்தது. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, அதிலும் பாதி இப்போது வீடுகளாகிவிட்டது. முனியாண்டி கோயில் மட்டும் மிச்சம். திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எல்லாரும் வருவார்கள். வருகிறவர்கள் சாமியை ஒரு கண்ணாலும், யார் எந்தக் காரில் வந்திறங்குகிறார்கள் என்பதை மறு கண்ணாலும் பார்ப்பார்கள். நானும் அப்படிப் பார்த்தவன்தான். அன்று என் காரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அதற்காகத்தான் ஏழு நாள் பொறுக்கவில்லை.

"புதுக் காடியா சார்? சொல்லவே இல்லியே!" என்றார் பூசாரி. தோட்டத்து லய வீடுகளில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. சிரித்தேன். சுற்றி நின்றவர்கள் கதவைத் தொட்டுப் பார்த்தார்கள். "பென்சன் வாங்கி என்ன செய்றாருன்னு பார்த்தா, மச்சான், இதான்லா செய்றாரு!" என்றான் ஒருவன். அதையும் ரசித்தேன்.

புதுக் கார் என்றால் பூசை போடாமல் விடுவார்களா? பூசாரி சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வந்துவிட்டார். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். "ஈரம் படக்கூடாதுன்னாங்களே." ஒரு வாக்கியம் போதும்: இது பழைய கார், பூச்சு மட்டும் புதிது. அத்தனை பேர் நடுவில் அது என் வாயில் வரவில்லை. போனட்டில் மூன்று விரலால் சந்தனம் இழுத்தார். நடுவில் குங்குமம். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, இரண்டு பாதிகளையும் அதன் மேல் கவிழ்த்து வைத்தார். சாறு வழிந்தது. நடுப்பகல் வெயில். முப்பது ஆண்டுகள் அமிலம் என்ன செய்யும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் கைகூப்பி நின்றேன்.

வீட்டுக்கு வந்து துடைத்தேன். போகவில்லை. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். வெளிறிய மூன்று கோடுகளும் ஒரு திட்டும் அப்படியே நின்றன.

எட்டாவது நாள் கடைக்குப் போனேன். முதலாளி குனிந்து பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டான். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தண்ணி ஏதும் பட்டுச்சா சார்?"

"ஒரு சொட்டுகூடப் படல."

அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். நான் பாடம் நடத்தினேன். மிஞ்சிய மருந்தை நேரத்தோடு துடைக்காவிட்டால் அது திட்டாக இறுகிவிடும் என்று முதலாளிக்கு விளக்கினேன். "இங்க பாரு, மூணு கோடு. பிந்திப் போச்சுன்னு தெரிஞ்சு விரலால அழுத்தித் துடைச்சிருக்காரு." பூசாரியின் விரல்களை எடுத்து அவர் கையில் மாட்டினேன். என் பழைய மாணவன் வகுப்பில் போலவே தலையாட்டினான். அவர் தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

போனட்டை முதலாளியே மறுபடி பூசிக் கொடுத்தான். அன்றிலிருந்து அவரைப் பூச்சு அறைக்குள் விடவில்லை. வெளியே கார் கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை காரைப் பராமரிப்புக் கழுவலுக்குக் கொண்டு போக வேண்டும். மூன்று முறை போனேன். மூன்று முறையும் என் காரைக் கழுவியவர் அவர்தான். தண்ணீரிலும் ஷாம்பூவிலும் ஊறி ஊறி அவர் விரல்நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. "வீட்டுல கழுவுனா ரெண்டு வாளி வைங்க சார். ஒண்ணுல ஷாம்பூ, ஒண்ணுல துணி அலச. வெயில்ல கழுவாதீங்க" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் போனட்டுக்கு வரும்போது அவர் கை கொஞ்சம் நிற்கும். என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்ப்பேன். நான்காவது முறைக்குப் போகவில்லை.

போன வாரம் போனேன். இருப்புக் கொள்ளாமல்தான் போனேன், துணிச்சல் வந்து அல்ல. முதலாளி தண்ணீர் தெளித்துப் பார்த்தான். "பூச்சு செத்துப் போச்சு சார். மறுபடி போட்ரலாம்."

"அவரக் கொஞ்சம் கூப்பிடு" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கோயில், சந்தனம், எலுமிச்சை, சவர்க்காரம் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். புதுக் கார் என்று நினைக்க விட்டதையும் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

முதலாளி பின்கழுத்தைச் சொறிந்தான். "பழைய கதை சார். விடுங்க. யாரும் சாகலியே."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மை முன்பே தெரியும், என்மேல் வெறுப்போடு இருக்கிறார் என்று இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தில் ஒரு வசதியும் இருந்தது: நான் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ நான் துடைச்சது சரிதானா?" என்றார்.

"சரிதான். முழுசும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நீங்க படிச்சவரு, அவ்ளோ விவரமா சொன்னீங்க. நானும் நம்பிட்டேன் சார். கை தப்பிருச்சு, வயசாகுதுன்னு வீட்டுல சொன்னேன். ஒவ்வொரு தடவ உங்க காடி வரும்போதும் அந்த எடத்தத் தடவிப் பார்ப்பேன், எங்க விட்டேன்னு." அவர் குரல் உயரவில்லை. "மன்னிப்பெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. இப்ப என்னால சொல்ல முடியாது."

நான் கேட்கவில்லை.

முதலாளி அவர் பக்கம் திரும்பினான். "அண்ணே, இந்தக் காடிய நீங்களே போடுங்க. நாளையிலேர்ந்து உள்ளதான் வேல" என்றான்.

"ரெண்டு வருஷம் தொடல தவுக்கே" என்றார் அவர் முதலாளியிடம்.

"உங்க கைக்குத் தெரியாததா? போங்கண்ணே."

மறுநாள் மெருகேற்றும் வேலை முடிந்த பிறகு நான் பழைய இடத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். போனட்டில் வானவில் நிறம் எழும்பியது. அடங்கியது. அவர் துடைத்தார், சரியான தருணத்தில். எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் அடுத்த பகுதிக்குப் போகவில்லை. துணியை மாற்றி மறுபடி துடைத்தார். விளக்கை எடுத்துச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். கதவுக்குப் போய் இரண்டு சொட்டு விட்டவர், அதைப் பாதியில் நிறுத்திவிட்டு விளக்கோடு போனட்டுக்கே திரும்பினார். அந்த மூன்று கோடுகள் இருந்த இடத்தில் குனிந்தார்.

அங்கே ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் தட்டிச் சொல்லலாமா என்று கையை உயர்த்தினேன். நான் சொன்னால் அவர் ஏன் நம்ப வேண்டும்? கையை இறக்கிக்கொண்டேன். அவர் விளக்கை இன்னும் தாழ்த்திப் பிடித்தார்.