காலையில் மட்டும் திறக்காத திரை

கொக்குவில் ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் கஜந்தினியைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சரியாகத் தெரிந்தவர்களும் இல்லை. "போனுக்குக் கண்ணாடி செய்யிற பிள்ளை" என்பார்கள். உடைந்த கைபேசியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "நான் உடைஞ்சதை மாத்திறேல்லை, அன்ரி. இனி வரப்போற திரையைத்தான் செய்யிறன்" என்று அவளும் சலிக்காமல் சொல்வாள். அடுத்த மாதம் அதே அன்ரி வேறொரு கைபேசியுடன் வருவார்.

கஜந்தினி என் சின்னம்மாவின் மகள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கொழும்புக் கிளைக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். இன்றைய கைபேசிகள் பலவற்றில் விரல் ரேகையைப் படமெடுக்கத் திரைக்குக் கீழே ஒரு குட்டிக் கமெரா ஒளிந்திருக்கிறது. அதற்கு இடம் விட்டால் திரை தடிக்கும். அவளுடைய குழு கமெராவையே எடுத்துவிட்டது. திரையின் ஒளிப் புள்ளிகளுக்கு நடுவில் ஒளியை உணரும் புள்ளிகளைப் பதித்து, திரை தானே விரலுக்கு வெளிச்சம் காட்டித் தானே பார்க்கும்படி செய்தார்கள். அந்தத் திரையின் முதல் மாதிரி வீட்டுக்கு வந்த அன்று சின்னம்மா குணலட்சுமி அதைக் கையில் ஏந்தி, "உது காத்துக்குப் பறந்திடும்போலை கிடக்கு" என்றார்.

படத்திலுள்ள ரேகை யாருடையது என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் கஜந்தினி எழுதியது. ஊர்ச் சனங்களின் பத்து விரல்களையும் பதிந்து வைத்துக்கொண்டு, காலையிலும் பின்னேரத்திலும் அதைச் சோதித்தாள்.

நான் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திறங்கியபோது சோதனை தோற்றுக்கொண்டிருந்தது. பின்னேரம் எல்லாருக்கும் திறக்கிற திரை, காலையில் பலருக்குத் திறக்க மறுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் மெல்லிய திரையைக் கைவிட்டுக் கமெராத் திரைக்கே திரும்புவதென்று மேலிடம் சொல்லிவிட்டது. படிப்பு முடித்த நாளிலிருந்து கஜந்தினி செய்த வேலை முழுவதும் அந்தத் திரைக்குள்தான் இருந்தது.

எனக்குக் கவலைப்பட ஏதாவது கிடைத்தால் போதும். காலைப் பனி, கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு, கரண்ட் ஏறி இறங்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் பேசாமல் இருந்தாலே பெரிய உதவி" என்றாள்.

அவளுடைய சந்தேகம் வாழைக் கயரில், வெட்டும்போது வடிந்து கையைக் கறுப்பாக்கும் அந்தப் பாலில், இருந்தது. சோதனைக்கு வருபவர்களில் பாதிப் பேர் வாழைத் தோட்டக்காரர்கள். நீர்வேலியிலிருந்து கேதீஸ்வரன் அண்ணை குலை வெட்டிய கையோடு, கறுத்த விரல்களுடன், பின்னேரம் வந்தார். விரலை வைத்தார். உடனே திறந்தது.

"என்னைக் கள்ளனெண்டு பிடிச்சுக்கொண்டு வந்தனீ. உன்ரை கண்ணாடிக்கு என்னிலை ஒரு குறையும் தெரியேல்லை" என்று சிரித்தார்.

"நாளைக்குக் காலமையும் ஒருக்கா வாங்கோ அண்ணை."

"வாறன். தேத்தண்ணியோடை வடையும் இருந்தால் நாளையிண்டைக்கும் வாறன்."

மறுநாள் காலை குளித்து, வேட்டி கட்டி வந்தார். திறக்கவில்லை.

"தோட்டத்துக் கையைத் தெரியுது, குளிச்ச கையைத் தெரியேல்லையோ?"

சின்னம்மாவின் விரலுக்கும் திறக்கவில்லை. வந்த அன்றே பதிந்து வைத்த என் விரலை வைத்தேன். திறந்தது. ஒவ்வொரு காலையும் அப்படித்தான். வெளிநாட்டில் கணினியைத் தவிர வேறெதையும் தொடாத மெத்தென்ற விரல் என்று நானே ஒரு காரணம் கண்டு வெட்கப்பட்டிருந்தேன்.

சின்னம்மா வேறு காரணம் வைத்திருந்தார். "தம்பி கனடாவுக்குப் போய் நெத்தியை வெறுமையா விட்டிட்டான். திருநீறு பூசாத ஆக்களுக்குத்தான் உது திறக்கும்போலை."

"ஓம், கொழும்பிலை லெனாட் அண்ணைக்கும் ஒருநாளும் திறக்காமல் விட்டதில்லை" என்று சிரிக்கத் தொடங்கிய கஜந்தினி பாதியில் நிறுத்தினாள். லெனாட் அவளுடைய குழுத் தலைவர், குருநகர்க் கத்தோலிக்கர்.

அவள் கேதீஸ்வரன் அண்ணையின் நெற்றியிலிருந்த மூன்று திருநீற்றுக் குறிகளைப் பார்த்தாள்.

"அண்ணை, இடக்கையை வையுங்கோ."

திறந்தது.

"வலக்கைப் பெருவிரல்."

திறந்தது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றுக்கும் இல்லை.

கஜந்தினி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சோதனைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சேறு, எண்ணெய், மா, மஞ்சள் எல்லாம் கேட்டுத் துடைக்கச் சொன்னவள், திருநீற்றைக் கேட்கவேயில்லை. அவளும் காலையில் பூசுகிறவள். திருநீறு பட்ட கை அழுக்குக் கை என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால், ரேகையின் வரம்பும் பள்ளமும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. பின்னேரத்துக்குள் அது வேலையில் உதிர்ந்து போய்விடும்.

"பூசினாப்பிறகு கையைக் கழுவச் சொன்னால் சரிதானே" என்றேன்.

சின்னம்மா என்னைப் பார்த்த பார்வையில் கனடா முழுவதற்கும் ஏச்சு இருந்தது.

"பூசிப்போட்டு ஆர் அண்ணை கை கழுவுறது?" என்றபடி கஜந்தினி கணினிக்கு முன்னால் இருந்துவிட்டாள். படம் வெளுத்து வந்தால் திரை தன் ஒளியைக் குறைத்து, பச்சை வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுக்கவேண்டும். அதுதான் அவள் செய்த மாற்றம். அடுத்த காலைகளில் வீட்டு விறாந்தையில் திருநீற்றுக் கிண்ணம் இருந்தது. சனம் பூசிப் பூசி விரல் வைத்தது. கேதீஸ்வரன் அண்ணை கிண்ணத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். "வரிசையிலை வாங்கோ. தட்சணை வடைதான்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின்போது இணையம் அறுந்துவிடுமோ என்று நான் றவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்றேன். சின்னம்மா எல்லார் முன்னாலும் நிறையத் திருநீறு அள்ளிப் பூசி, அதே விரலைத் திரையில் வைத்தார். திறந்தது. மேலிடத்தில் ஒருவர் அந்த வெள்ளைப் பொடி என்னவென்று கேட்டார். லெனாட் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"எங்கடை ஆக்களுக்கு வருசத்திலை ஒருநாள், சாம்பல் புதனுக்குத்தான் நெத்தியிலை சாம்பல், கஜந்தினி. அதுதான் எனக்குப் புத்தியிலை ஓடேல்லை."

மெல்லிய திரையையே செய்வதென்று முடிவானது. கஜந்தினி தாயைக் கட்டிப்பிடித்தாள். நான் அப்போதுதான் றவுட்டரை விட்டு விலகினேன்.

சின்னம்மா திரையைச் சாமியறைக்குக் கொண்டுபோனார்.

"அம்மா, பூசிறதெண்டால் பின்பக்கத்திலை பூசுங்கோ."

"முகம் இருக்க முதுகிலை ஆர் பூசுறது?"

முன்பக்கத்திலேயே மூன்று குறியும் இழுத்து, நடுவில் சந்தனப் பொட்டும் வைத்தார். கஜந்தினி பொட்டுக்குக் கீழே, திருநீற்றின் மேலேயே விரலை வைத்தாள். ஒரு கணம் பச்சையாக மின்னித் திறந்தது.