தீபாவளி மலர் மகாலட்சுமி

வெங்கடசுப்ரமணியனுக்கு வேலை பெங்களூரு வைட்ஃபீல்டில், பைத்தியம் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் மேல். உள்ளே இருக்கும் கதையெல்லாம் அவனுக்கு வேண்டாம். ஓவியர் கையால் வரைந்த அட்டைப்படம்தான் வேண்டும். "குப்பையைத் தேடித் தேடி வாங்குற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்று மனைவி லாவண்யா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவன் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் ஜானகியம்மா ஆஸ்டின் டவுன்காரர். ஒருநாள் அவன் போனில் பார்த்துக்கொண்டிருந்த அட்டைப்படத்தை எட்டிப் பார்த்து, "அய்யே, இந்த லட்சுமி எங்கூட்ல இருக்குது சார்" என்றார். அவருடைய அம்மா அந்தக் காலத்துத் தீபாவளி மலரின் அட்டையைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டிய படம். அடடா, இவன் வருஷக்கணக்காகத் தேடிய அட்டை அது!

"பையன் இப்போ புத்தரக் கும்புடுறான், அது அவன் இஷ்டம். ஊட்ல வேற படம் வாணாம்ன்றான். அம்மா பொட்டு வச்ச மொகம் சார், பழைய சாமி படம்னு மரத்தடில போட மனசு வரல. நீங்க வச்சிக் கும்புடுவீங்களா?"

"பூஜை ரூம்லயே வைக்கிறேம்மா" என்றான், கொஞ்சமும் வாய் கூசாமல்.

படத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் சட்டத்தைக் கழற்றினான். நெற்றியில் தடித்துப் படிந்திருந்த குங்குமத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் பூட்டினான். "வெளக்கு வச்சீங்களா சார்?" என்று ஜானகியம்மா கேட்கும்போதெல்லாம் "வச்சாச்சும்மா" என்பான். முதலில் நாக்கு தடுமாறியது, அப்புறம் பழகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தான். ஷிப்ட் முடிந்து ஜானகியம்மா வாசலில் வந்து நின்றார், கையில் மல்லிகைச் சரமும் குங்குமப் பொட்டலமும்.

"லட்சுமிய ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"எந்த லட்சுமி?" என்றாள் லாவண்யா, பாவம், ஒன்றும் தெரியாமல்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அலமாரியைத் திறந்து படத்தை உறையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

ஜானகியம்மா குனிந்து பார்த்தார். "பொட்டு எங்க சார்?"

"அது... கறை மாதிரி இருந்துச்சும்மா..."

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். விரலில் குங்குமம் எடுத்து லட்சுமியின் நெற்றியில் வைத்தார். பிளாஸ்டிக்கில் அது நிற்காமல் உதிர்ந்தது.

"கவரக் கழட்டுங்க சார்."

கழற்றித் தொலைத்திருக்கலாம். அவன் கை உறையின் ஓரம்வரை போய் நின்றுவிட்டது. மறுபடியும் கறை பட்டுவிடுமே என்றுதான் நின்றது. ஜானகியம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கூனிக் குறுகிப் போனான்.

"பர்வால்ல, உடுங்க சார். கறையாயிடும்" என்றார். பூவை லாவண்யா கையில் கொடுத்து, "நீ வச்சிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.